மூடாத தண்ணீரும் நம் பிள்ளைகளும்



பிள்ளைகளின் உடல்நலம் என்றதும் தடுப்பூசி, சத்துணவு, காய்ச்சல், இருமல் ஆகியவையே நம் நினைவுக்கு வருகின்றன. அவையெல்லாம் அவசியமானவைதாம். ஆனால், எந்த நோயும் இல்லாமல் காலையில் ஓடி விளையாடிய பிள்ளை லுஹருக்குள் மவுத்தாகிவிடும் காரணம் ஒன்று உண்டு. அதைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை. அது தண்ணீரில் மூழ்குதல்.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021ஆம் ஆண்டில் மட்டும் உலகில் ஏறத்தாழ 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்திருக்கிறார்கள். அதாவது மணிக்கு 30 பேருக்கும் மேல். இவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் ஐந்து வயது நிரம்பாத குழந்தை. நம் நாட்டில் ஆண்டுக்கு 35 ஆயிரம் பேருக்கும் மேல் இப்படி இறப்பதாக அரசின் குற்ற ஆவணக் காப்பகத்தின் பதிவுகள் காட்டுகின்றன. இதன் தீவிரத்தை உணர்ந்துதான் ஐ.நா. பொதுச்சபை 2021இல், ஜூலை 25ஆம் நாளை நீரில் மூழ்குவதைத் தடுக்கும் நாளாக அறிவித்தது.

நம் மயிலம், திண்டிவனம், விக்கிரவாண்டி வட்டாரத்துக்கு இது தூரத்துச் செய்தி அல்ல. ஊருக்கு ஊர் ஏரியும் குளமும் விவசாயக் கிணறுகளும் உள்ள மண் இது. பக்கத்தில் வீடூர் அணை. சங்கராபரணி ஆறு. கிழக்கே போனால் கடல். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் மழை கொட்டியதை நாம் மறக்கவில்லை. அந்த வெள்ளம் வடிந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. 2025 ஜனவரி 3 அன்று, விக்கிரவாண்டியில் தனியார் பள்ளி ஒன்றில் எல்.கே.ஜி. படித்த பெண் குழந்தை கழிவுநீர்த் தொட்டிக்குள் விழுந்து இறந்தது. தொட்டியின் இரும்பு மூடி துருப்பிடித்திருந்தது. வெள்ளத்தில் போகாத உயிர், ஒரு மூடியின் துருவில் போனது.

மூழ்குவது சத்தமில்லாமல் நடக்கிறது

சினிமாவில் மூழ்குபவர் கையை உயர்த்தி "காப்பாற்றுங்கள்" என்று கத்துவார். உண்மையில் அப்படி நடப்பது அரிது. மூச்சுவிடவே வாய் தண்ணீருக்கு மேல் வராதபோது கத்துவதற்குக் காற்று ஏது? மூழ்கும் பிள்ளை பெரும்பாலும் நின்ற நிலையில், தலையைப் பின்னால் சாய்த்து, இரு கைகளாலும் தண்ணீரைக் கீழே அழுத்திக்கொண்டிருக்கும். கரையிலிருந்து பார்ப்பவருக்கு விளையாடுவது போலவே தெரியும். சிறு பிள்ளையானால் அந்தப் போராட்டம் ஒரு நிமிடம்கூட நீடிக்காது. அதன்பின் நான்கைந்து நிமிடங்கள் மூளைக்கு ஆக்சிஜன் கிடைக்காவிட்டால் மீளாத பாதிப்பு தொடங்கிவிடும்.

ஆகவே "சத்தம் கேட்டால் ஓடிப்போய்ப் பார்க்கலாம்" என்று நினைப்பது தவறு. சத்தம் வராது. தண்ணீருக்குப் பக்கத்தில் இருக்கும் பிள்ளை திடீரென்று அமைதியாகிவிட்டால், அதுதான் நாம் ஓட வேண்டிய நேரம்.

ஆபத்து முதலில் வீட்டுக்குள்

ஐந்து வயதுக்குள் உள்ள பிள்ளைகளுக்கு ஏரியும் கடலும் தேவையில்லை. வாளி போதும். தவழும் குழந்தைக்கும் தளர்நடை போடும் குழந்தைக்கும் உடலைவிடத் தலை கனம். வாளிக்குள் எட்டிப் பார்க்கும்போது தலைகுப்புற விழுந்தால், கைகளை ஊன்றித் தன்னைத் தானே தூக்கிக்கொள்ளும் வலு அந்த வயதில் கிடையாது. மூக்கும் வாயும் முங்கும் அளவு தண்ணீர் இருந்தாலே உயிர் போகும்.

நம் பகுதியில் குழாயில் தண்ணீர் வரும் நேரத்தில் பிடித்துவைத்தாக வேண்டும். எனவே எல்லா வீட்டிலும் அண்டா, டிரம், பிளாஸ்டிக் டப், தரைத்தொட்டி இருக்கின்றன. தண்ணீரைச் சேமிக்காமல் இருக்க முடியாது. மூடாமல் இருப்பதைத் தவிர்க்க முடியும். நாம் செய்ய வேண்டியவை இவ்வளவுதான்:

துணி துவைத்து முடித்த வாளியையும் டப்பையும் உடனே கவிழ்த்து வையுங்கள். டிரம்முக்குக் குழந்தையால் திறக்க முடியாத இறுக்கமான மூடி போடுங்கள். பலகையைச் சாத்தி வைப்பது மூடி ஆகாது. தரைத்தொட்டியின் மூடிக்குக் கொண்டியும் பூட்டும் வேண்டும். குளியலறைக் கதவை எப்போதும் வெளிப்பக்கம் தாழிடுங்கள். தாழ்ப்பாள் குழந்தைக்கு எட்டாத உயரத்தில் இருக்கட்டும். மாடு உள்ள வீடுகளில் கழனித் தொட்டியையும் மறக்க வேண்டாம். குழந்தையைக் குளிப்பாட்டும்போது போன் வந்தாலும், வாசலில் யார் கூப்பிட்டாலும், குழந்தையைத் தூக்கிக்கொண்டே போங்கள். நான்கு வயது அக்காவிடம் ஒரு வயதுத் தம்பியை ஒப்படைப்பது பாதுகாப்பு ஆகாது.

இரவு கவியும்போது பிள்ளைகளை வீட்டுக்குள் வைத்துக்கொள்ளவும், கதவை அடைக்கவும், தண்ணீர்ப் பையின் வாயைக் கட்டவும், பாத்திரங்களை மூடவும், விளக்கை அணைக்கவும் நபி (ஸல்) அவர்கள் கட்டளையிட்டதை ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸில் காண்கிறோம். பாத்திரத்தை மூடுவதும் பிள்ளையை அருகில் வைத்துக்கொள்வதும் நம் மார்க்கத்தில் அன்றாட ஒழுக்கங்கள். அந்த சுன்னத்தை நம் டிரம்முக்கும் தரைத்தொட்டிக்கும் நீட்டிக்கொள்வோம்.

வங்கதேசத்தில் கண்ட வழி

ஆறும் குளமும் நிறைந்த வங்கதேசத்தில் சிறு பிள்ளைகள் மூழ்கி இறப்பது பெரும் துயரமாக இருந்து வருகிறது. அங்குள்ள ஆய்வாளர்கள் எந்த நேரத்தில் இந்த இறப்புகள் நடக்கின்றன என்று கவனித்தார்கள். பெரும்பாலும் காலை 9 மணியிலிருந்து பகல் 1 மணிக்குள். தகப்பனார் வேலைக்குப் போயிருப்பார். மூத்த பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் இருப்பார்கள். தாய் சமையலிலும் வீட்டு வேலையிலும் இருப்பார். குழந்தை வீட்டுக்கு மிக அருகிலுள்ள குட்டைக்குத் தானாக நடந்து போய்விடும்.

இதற்கு அவர்கள் கண்ட தீர்வு எளிமையானது. அந்த நான்கு மணி நேரத்துக்கு மட்டும், ஊரிலேயே ஒரு பெண்மணியின் வீட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளைச் சேர்த்து வைத்துப் பார்த்துக்கொள்வது. "ஆஞ்சல்" என்று அதற்குப் பெயர். தாயின் முந்தானை என்று பொருள். இந்த மையங்களில் சேர்ந்த பிள்ளைகளிடையே மூழ்கி இறப்பது மிகப் பெருமளவு குறைந்தது. விலையுயர்ந்த கருவி எதுவும் இல்லை. ஒரு ஜோடிக் கண்கள் தொடர்ந்து பார்த்துக்கொண்டிருந்தன, அவ்வளவுதான்.

நமக்கு அங்கன்வாடி இருக்கிறது. இரண்டு வயது முடிந்த பிள்ளையை "சின்னதுதானே" என்று வீட்டிலேயே வைத்துக்கொள்ளாமல் அங்கே சேருங்கள். கைக்குழந்தைக்காரர்கள் பக்கத்து வீட்டாருடன் முறை வைத்துக்கொள்ளலாம். இன்று ஒருவர் சமைக்க, மற்றவர் பிள்ளைகளைப் பார்க்கட்டும், நாளை மாற்றிக்கொள்ளட்டும்.

தெருவிலும் பள்ளியிலும் பள்ளிவாசலிலும்

வீட்டுக்கு வெளியே வந்தால் செப்டிக் டேங்க், மழைநீர்க் கால்வாய், வீடு கட்டத் தோண்டிய பில்லர் குழி, பயன்படாத ஆழ்துளைக் கிணறு ஆகியவை காத்திருக்கின்றன. 2019 அக்டோபர் 25 அன்று மணப்பாறை அருகே நடுக்காட்டுப்பட்டியில் இரண்டு வயதுக் குழந்தை ஆழ்துளைக் கிணற்றில் விழுந்ததையும், நான்கு நாள் முயற்சிக்குப் பிறகு ஜனாஸாவாக மீட்கப்பட்டதையும் நாடே பார்த்து அழுதது. கைவிட்ட ஆழ்துளைக் கிணற்றை மண்ணிட்டு நிரப்ப வேண்டும், தோண்டும் இடத்தில் வேலி போட வேண்டும், வாயை இரும்புத் தகட்டால் மூட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010ஆம் ஆண்டிலேயே உத்தரவிட்டிருந்தது. சட்டம் இருந்தது, மூடிதான் இல்லை.

பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கும்போது கட்டணம், சீருடை, வேன் எல்லாம் விசாரிக்கிறோம். இனி இன்னொரு கேள்வியும் கேட்போம்: "கழிவுநீர்த் தொட்டி எங்கே இருக்கிறது? மூடி எதனால் ஆனது?" கேட்பது பெற்றோரின் உரிமை. யாரும் கோபப்பட வேண்டியதில்லை. அதே கேள்வியை நம் மதரஸாவிலும் பள்ளிவாசலிலும் கேட்க வேண்டும். ஓத வரும் பிள்ளைகள் ஒளு செய்யும் ஹவுள் ஆழமானதாக இருந்தால் சுற்றிலும் கைப்பிடிக் கம்பி வேண்டும். தொழுகை இல்லாத நேரத்தில் பூட்டி இருக்க வேண்டும். சிறுவர்களுக்குக் குழாயில் ஒளு செய்ய ஏற்பாடு செய்வது இன்னும் நல்லது. பாதையில் கிடக்கும் தொல்லையை அகற்றுவது ஈமானின் ஒரு கிளை என்று கற்றவர்கள் நாம். உடைந்த மூடியைவிடப் பெரிய தொல்லை எது?

ஏரி, கல்குவாரி, கடல்

ஆறு வயதுக்கு மேல் பிள்ளைகள் நம் கண் பார்வையைத் தாண்டிப் போகிறார்கள். நம் தாத்தா காலத்து ஏரி கரையிலிருந்து படிப்படியாக ஆழமாகும். இன்றைய ஏரி அப்படியில்லை. வண்டல் மண்ணும் கிராவலும் எடுக்க இயந்திரத்தால் தோண்டிய பள்ளங்கள் தண்ணீருக்கு அடியில் மறைந்திருக்கின்றன. இடுப்பளவு தண்ணீரில் நிற்கும் பிள்ளை அடுத்த அடியில் ஆளை முழுங்கும் பள்ளத்தில் இறங்கிவிடும். கல்குவாரிக் குட்டைகள் அதைவிட மோசம். செங்குத்தான பாறைச் சுவர். பிடித்து ஏற இடமில்லை. மேலே வெதுவெதுப்பு, ஆழத்தில் குளிர். நீச்சல் தெரிந்த வாலிபர்களும் அங்கே இறக்கிறார்கள்.

பெருநாள் விடுமுறையில் குடும்பத்தோடு புதுச்சேரி, மரக்காணம் பக்கத்துக் கடற்கரைகளுக்குப் போகும்போதும் கவனம் தேவை. அலை அமைதியாகத் தெரியும் இடத்தில்தான் பல நேரம் உள்ளிழுக்கும் நீரோட்டம் இருக்கும். அதில் சிக்கினால் கரையை நோக்கி எதிர்த்து நீந்தக் கூடாது. மிதந்தபடி, கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நகர்ந்து, இழுப்பு விட்ட பிறகு கரைக்குத் திரும்ப வேண்டும். எங்கே போனாலும் ஒரு விதி: ஒரு நேரத்தில் ஒரு பெரியவர், கையில் போன் இல்லாமல், பிள்ளைகளை மட்டுமே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். "எல்லோரும்தானே இருக்கிறோம்" என்ற இடத்தில் யாரும் பார்ப்பதில்லை. வலிப்பு நோய் உள்ள பிள்ளையையும் பெரியவரையும் நீர்நிலையில் தனியே விடவே கூடாது.

காப்பாற்றப் போய் உயிர் விடுவது

2022 ஜூன் 5 அன்று கடலூர் மாவட்டம் ஏ.குச்சிப்பாளையத்தில், கெடிலம் ஆற்றுத் தடுப்பணை அருகே குளிக்கப் போன சிறுமிகளும் பெண்களுமாக ஏழு பேர் மூழ்கி இறந்தார்கள். பள்ளத்தில் சிக்கியவர்களைக் காப்பாற்ற மற்றவர்கள் ஒருவர் பின் ஒருவராக இறங்கியதில் உயிரிழப்பு பெருகியது. மூழ்குபவர் எதைப் பிடித்தாலும் அதன் மேல் ஏறத்தான் பார்ப்பார். அது அவர் குற்றமல்ல. உடல் தானாகச் செய்வது. பயிற்சி இல்லாதவர் கிட்டே போனால் இருவரும் போவார்கள்.

இன்னொரு நிகழ்ச்சியையும் பாருங்கள். 2020 ஆகஸ்டில் பெரம்பலூர் மாவட்டம் கோட்டரை அணையில் நான்கு இளைஞர்கள் மூழ்கினார்கள். அங்கே இருந்த மூன்று பெண்கள், தாங்கள் உடுத்தியிருந்த சேலைகளையே அவிழ்த்து வீசி இருவரைக் கரைக்கு இழுத்தார்கள். தமிழக அரசு அவர்களுக்குக் கல்பனா சாவ்லா விருது வழங்கியது. நீட்டுவதும் வீசுவதும்தான் சரியான முறை. கழி, கயிறு, துப்பட்டா, வேட்டி, கிளை எதையும் நீட்டலாம். மூடிய காலி தண்ணீர் கேன், கவிழ்த்த பிளாஸ்டிக் குடம், டயர் டியூப் எதையும் வீசலாம். கரையில் குப்புறப் படுத்துக்கொண்டு இழுத்தால் நம்மையும் சேர்த்து இழுத்துவிடாது. கூடவே சத்தம் போட்டு ஆள் சேர்த்து, 101இல் தீயணைப்பு, மீட்புப் பணித் துறையையும் 108இல் ஆம்புலன்ஸையும் அழையுங்கள்.

செப்டிக் டேங்குக்கும் பாழுங்கிணற்றுக்கும் தனி எச்சரிக்கை. அங்கே தண்ணீரைவிட வாயு கொல்கிறது. ஹைட்ரஜன் சல்பைடு, மீத்தேன் ஆகியவை நிறைந்து ஆக்சிஜன் குறைந்திருக்கும். இரண்டு மூன்று மூச்சில் ஆள் மயங்கி விழுவார். அழுகிய முட்டை வாடை இல்லை என்பதால் வாயு இல்லை என்று எண்ண வேண்டாம். அளவு மிகும்போது மூக்கு வாடை உணரும் சக்தியையே இழந்துவிடும். மூச்சுக்கருவி இல்லாமல் யாரும் இறங்கக் கூடாது. சொந்தத் தம்பி உள்ளே கிடந்தாலும் மேலிருந்தே கயிறும் கொக்கியும் போட்டுப் பார்க்க வேண்டும். சொல்வதற்கே நெஞ்சு வலிக்கிறது. ஆனால் ஒரு வீட்டில் ஒரே நாளில் மூன்று ஜனாஸா போவது இப்படித்தான்.

கரைக்கு வந்ததும் என்ன செய்வது?

முதலில், செய்யக் கூடாதவை. பிள்ளையைத் தலைகீழாகப் பிடித்துச் சுற்றக் கூடாது. வயிற்றை அமுக்கித் தண்ணீரை வெளியேற்றக் கூடாது. வயிற்றிலிருப்பது மேலே வந்து நுரையீரலுக்குள் போகும். விலைமதிப்பற்ற நிமிடங்களும் வீணாகும்.

செய்ய வேண்டியவை இவை. பிள்ளையைத் தட்டிக் கூப்பிட்டுப் பாருங்கள். அசைவில்லை, இயல்பான மூச்சு இல்லை என்றால் சமமான தரையில் மல்லாந்து படுக்க வையுங்கள். தலையைச் சற்றுப் பின்னால் சாய்த்து மோவாயைத் தூக்குங்கள். மூக்கைப் பொத்தி, வாயோடு வாய் வைத்து, மார்பு எழும்பும் அளவுக்கு ஐந்து முறை மூச்சு ஊதுங்கள். கைக்குழந்தையானால் வாயையும் மூக்கையும் சேர்த்தே நம் வாயால் மூடி ஊத வேண்டும். அப்போதும் அசைவு இல்லையென்றால் மார்பின் நடுவே, நெஞ்செலும்பின் கீழ்ப்பாதியில், மார்பின் ஆழத்தில் மூன்றில் ஒரு பங்கு இறங்கும்படி 30 முறை அழுத்துங்கள். வேகம் நிமிடத்துக்கு 100 முதல் 120 வரை. கைக்குழந்தைக்கு இரண்டு கட்டைவிரல், சிறுவருக்கு ஒரு கை, பெரியவருக்கு இரண்டு கை. பிறகு இரண்டு மூச்சு. மறுபடி 30 அழுத்தம். ஆம்புலன்ஸ் வரும்வரை அல்லது பிள்ளை மூச்சுவிடத் தொடங்கும்வரை நிறுத்தக் கூடாது. வாயில் நுரை வந்தாலும் துடைத்துக்கொண்டிருக்காமல் தொடருங்கள். வாந்தி வந்தால் பக்கவாட்டில் திருப்பித் துடைத்துவிட்டுத் தொடருங்கள். தனியாக இருந்தால் ஒரு நிமிடம் இதைச் செய்துவிட்டு, போனை ஸ்பீக்கரில் போட்டு 108ஐ அழையுங்கள்.

மூச்சு வந்த பிள்ளையை ஒருக்களித்துப் படுக்க வைத்து, ஈரத் துணியை மாற்றி, போர்த்துங்கள். "நன்றாகிவிட்டதே" என்று வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டாம். நுரையீரலுக்குள் போன தண்ணீர் சில மணி நேரம் கழித்தும் மூச்சுத் திணறலை உண்டாக்கும். திண்டிவனம் அரசு மருத்துவமனைக்கோ முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரிக்கோ கட்டாயம் கொண்டுசெல்லுங்கள்.

அந்நியப் பெண்ணாயிற்றே, அந்நிய ஆணாயிற்றே என்ற தயக்கம் சிலருக்கு வரும். நிர்ப்பந்தம் தடுக்கப்பட்டதை அனுமதிக்கும் என்பது ஃபிக்ஹின் அடிப்படை விதி. உயிர் போகும் நேரத்தைவிடப் பெரிய நிர்ப்பந்தம் இல்லை.

நீச்சல்: உடற்பயிற்சியும் பாதுகாப்பும்

5 முதல் 17 வயதுவரை உள்ளவர்களுக்கு நாளொன்றுக்கு 60 நிமிட உடலுழைப்பு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இதயம், நுரையீரல், கை, கால், முதுகு எல்லாவற்றுக்கும் ஒரே நேரத்தில் வேலை தரும் பயிற்சி நீச்சல். மூட்டுக்குச் சுமை இல்லை என்பதால் பெரியவர்களுக்கும் ஏற்றது. முன்பு கமலைக் கிணறும் பம்புசெட்டுக் கிணறும் இருந்தபோது, இடுப்பில் சுரைக்குடுக்கையோ டியூபோ கட்டி அத்தாவோ மாமாவோ கற்றுக்கொடுப்பார்கள். ஆழ்துளைக் கிணறு வந்தது. திறந்த கிணறு பாழானது. நீச்சல் தெரியாத தலைமுறை வளர்ந்துவிட்டது.

ஆறு, ஏழு வயதில் கற்றுக்கொடுக்கத் தொடங்கலாம். வங்கதேசத்தில் வைத்திருக்கும் அளவுகோல் நமக்கும் பொருந்தும்: 25 மீட்டர் நீந்த வேண்டும், 30 விநாடி மிதக்க வேண்டும். தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் மாவட்டத் தலைநகரங்கள் பலவற்றில் நீச்சல் குளங்களை நடத்துகிறது. கோடை விடுமுறையில் கற்றுத்தரும் வகுப்புகளும் உண்டு. கிணற்றில் கற்பிப்பதானால் படியுள்ள கிணறாக, நன்றாக நீந்தத் தெரிந்த இரு பெரியவர்களோடு, மிதவை கட்டித்தான் இறக்க வேண்டும்.

பெண் பிள்ளைகளை இதிலிருந்து விலக்கிவிடாதீர்கள். குச்சிப்பாளையத்தில் இறந்த ஏழு பேரும் பெண்கள். உடலை மறைக்கும் நீச்சலுடை கிடைக்கிறது. பெண்களுக்குத் தனி நேரம், பெண் பயிற்சியாளர் வேண்டும் என்று பல குடும்பங்கள் சேர்ந்து கேட்டால் கிடைக்க வழியுண்டு. தனியாகக் கேட்டால் கோரிக்கை. ஜமாஅத்தாகக் கேட்டால் ஏற்பாடு. நீந்தத் தெரிந்த பிள்ளைக்கும் மேற்பார்வை தேவை என்பதையும் நினைவில் வையுங்கள்.

தவக்குல் என்பது என்ன?

"அல்லாஹ்வின் நாட்டம், நாம் என்ன செய்ய முடியும்" என்ற சொல் பிள்ளையை இழந்த பெற்றோருக்கு ஆறுதல். மூழ்கி மரணித்தவருக்கு ஷஹீதின் அந்தஸ்து உண்டு என்ற நபிமொழியும் அவர்களுக்குப் பெரும் ஆறுதல். அந்தப் பெற்றோரை "பார்த்துக்கொள்ளவில்லையே" என்று யாரும் குத்திப் பேசக் கூடாது. ஆனால் அதே சொல்லை மூடி போடாமல் இருப்பதற்குக் காரணமாக்கவும் கூடாது. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத்தான் தவக்குல் வைக்கச் சொன்னார்கள் நபி (ஸல்) அவர்கள். கொள்ளைநோய் பரவிய ஷாம் நாட்டுக்குள் நுழையாமல் திரும்பிய உமர் (ரலி) அவர்களிடம், அல்லாஹ்வின் விதியிலிருந்து ஓடுகிறீர்களா என்று கேட்கப்பட்டபோது, அல்லாஹ்வின் ஒரு விதியிலிருந்து மற்றொரு விதிக்கே போகிறோம் என்று விளக்கினார்கள். மூடி போடுவதும் அல்லாஹ் நமக்குத் தந்த விதிதான். பிள்ளைகள் அவன் தந்த அமானிதம்.

வரும் ஜும்ஆவுக்குள்

ஒவ்வொரு வீட்டிலும் இன்றே எல்லாப் பாத்திரங்களையும் தொட்டிகளையும் ஒரு சுற்றுப் பாருங்கள். ஒவ்வொரு தெருவிலும் இரண்டு வாலிபர்கள் திறந்த கிணறு, உடைந்த மூடி, கைவிட்ட ஆழ்துளைக் கிணறு ஆகியவற்றைக் குறித்து ஜமாஅத்தில் கொடுங்கள். நம்மால் மூட முடிந்ததை நாமே மூடுவோம். மற்றவற்றை ஊராட்சிக்கும், வேண்டுமானால் திங்கட்கிழமை நடக்கும் ஆட்சியரின் மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்துக்கும் மனுவாகக் கொண்டுபோவோம். எந்தச் சமுதாயத்தார் தெரு என்று பார்க்க வேண்டாம். குழி அப்படிப் பார்ப்பதில்லை. ஏரிக்கரையில் ஒரு கயிறும் மூடிய காலி கேனும் எப்போதும் தொங்கட்டும். தீயணைப்பு நிலையத்தில் கேட்டால் மழைக்காலத்துக்கு முன் மீட்புச் செயல்முறை விளக்கம் செய்து காட்டுவார்கள். ஆண்களும் பெண்களும் தனித்தனியாகக் கற்றுக்கொள்வோம்.

ஒரு மூடியின் விலை சில நூறு ரூபாய். அதை வாங்க வசதியில்லாத குடும்பம் உங்கள் தெருவில் இருந்தால் சதக்காவாக வாங்கிக் கொடுங்கள். அந்த மூடி இருக்கும்வரை அதன் நன்மை உங்களுக்கு வந்துகொண்டிருக்கும், இன்ஷா அல்லாஹ்.

வல்ல ரஹ்மான் நம் பிள்ளைகள் அனைவரையும் ஆபத்துகளிலிருந்து காத்து, நீண்ட ஆயுளையும் நிறைந்த ஆஃபியத்தையும் தந்தருள்வானாக. ஆமீன்.